பதினொரு துண்டாக வெட்டுவதற்கு முன்: எஸ்.ஓ.ஏ.வா, மைக்ரோசேர்விஸா?

கேள்வி: கிளிநொச்சியில் நான்கு டெவலப்பர்களும் ஒரு சப்போர்ட் பிள்ளையும் உள்ள சிறிய கொம்பனியில் வேலை செய்கிறேன். ஒரு பால் கூட்டுறவுக்கு முறைமை செய்து கொடுத்திருக்கிறோம். முழங்காவிலில் இருந்து ஒட்டுசுட்டான் வரை 14 சேகரிப்பு நிலையங்கள், ஏறத்தாழ 840 பண்ணையாளர்கள், காலையும் மாலையும் பால். ஜாவா மொழியின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் ஒரே செயலி, ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மாதம் இரு முறை கொடுப்பனவு கணக்கிடும்போது முழு முறைமையும் திணறுகிறது. தீவனக் கடன் பகுதியில் கை வைத்தால் கொடுப்பனவு உடைகிறது. நிலையங்களில் கரண்டோ சிக்னலோ இல்லாவிட்டால் கொப்பியில் எழுதி வைத்துப் பிறகு பதிகிறார்கள். முதலாளி இதை 11 மைக்ரோசேர்விஸாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு சேவைகளாகப் பிரித்து, அவற்றைப் பல இயந்திரங்களில் நிர்வகிக்கும் கூபர்நெட்டீஸில் ஏற்றச் சொல்கிறார்; அடுத்த திட்ட முன்மொழிவிலும் அப்படியே எழுதிவிட்டார். முன்பு கொழும்பில் வங்கி ஒன்றில் வேலை செய்த அண்ணா ஒருவர், "அதெல்லாம் வேண்டாம், எஸ்.ஓ.ஏ. போதும், நடுவில ஒரு பஸ்ஸைப் போடுங்கோ" என்கிறார். இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? எங்களுக்கு எது பொருந்தும்?
(பெயர் வேண்டாம், கிளிநொச்சி)

பதில்:

வணக்கம். முதலில் அந்தத் திணறலைப் பார்த்துவிடுவோம். உங்கள் அலுவலகத்தின் கட்டமைப்புப் பேச்சு முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

840 பேர், நாளுக்கு இரு தடவை, 15 நாட்கள்: ஒரு கொடுப்பனவுக் காலத்துக்கு 25,200 பதிவுகள். இது தரவுத்தளத்துக்கு ஒரு வாய்க்கும் போதாத அளவு. காலைப் பால் இரண்டு மணிநேரத்தில் வந்து முடிகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏழு பதிவு. இதைத் தாங்கமாட்டாத சேர்வர் இன்று சந்தையில் இல்லை. ஆகவே சுமை காரணமாக இருக்க வாய்ப்பில்லை. கொடுப்பனவு நிரல் எழுதப்பட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் இப்படியான நிரல்களில் வழக்கமாக இருப்பது இதுதான்: ஒவ்வொரு பால் பதிவையும் சுற்றிச் சுற்றி எடுத்து, அதற்கு விலை என்ன, கொழுப்பு எவ்வளவு, கடன் உண்டா, நிலையம் எது என்று தனித்தனியாகக் கேட்பது. பதிவுக்கு நான்கு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) என்றால் மொத்தம் 100,800. ஒன்றுக்கு 2 மில்லி செக்கன் என்றாலும் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடமும் ஒரே பரிவர்த்தனைக்குள் (முழுதாக முடியும், அல்லது முழுதாகப் பின்வாங்கும் ஒரு தொகுதி வேலைக்குள்) நடந்து, பண்ணையாளர் நிலுவையையும் ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக்கொண்டு போனால், தொட்ட வரிசைகள் எல்லாம் கடைசிவரை பூட்டிக் கிடக்கும். அதே நிலுவையைத் தொடும் பால் பதிவு வாசலில் காத்து நிற்கும். ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிக்காரி இணைப்புத் தொகுதி, நீங்கள் மாற்றாவிட்டால், தரவுத்தளத்துக்குப் பத்து இணைப்புகளைத்தான் வைத்திருக்கும். பத்துப் பதிவுகள் காத்து நின்றால் பதினோராவதாக வருபவர் வெறும் முகப்புப் பக்கம் திறக்க வந்தவராக இருந்தாலும் அவரும் நிற்பார். "முழு முறைமையும் திணறுகிறது" என்று நீங்கள் எழுதியது அனேகமாக இந்த இடம்.

உறுதிப்படுத்துவது சுலபம். அடுத்த கொடுப்பனவு நாளில், திணறும் நேரம் பார்த்து, போஸ்ட்கிரெஸின் 'பிஜி ஸ்டாட் அக்டிவிட்டி' பார்வையைத் திறந்து எத்தனை அமர்வுகள் பூட்டுக்காகக் காத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மருந்தும் பெரிதல்ல. பண்ணையாளர் வாரியாகக் கூட்டித் தரும் ஒரே தொகுப்பு வினவல். பால் அட்டவணையில் பண்ணையாளர் எண், திகதி இரண்டும் சேர்ந்த ஒரு சுட்டெண் (தேடலை விரைவாக்கும் குறிப்பு). கணக்கீட்டின் முடிவை முதலில் ஒரு வரைவு அட்டவணைக்குள் போட்டு, காசாளர் சரி பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு நிலுவையை மாற்றும் குறுகிய பரிவர்த்தனை. ஒருவருக்கு இரண்டு நாள் வேலை.

இதைச் சரிசெய்யாமல் 11 துண்டாக வெட்டினால் என்ன நடக்கும் என்றும் கணக்குப் பாருங்கள். அதே 100,800 கேள்விகள் இனி வலையமைப்பு வழியாகப் போகும். ஒன்றுக்கு 15 மில்லி செக்கன் என்றால் 25 நிமிடம்.

சரி, வித்தியாசத்துக்கு வருவோம்.

எஸ்.ஓ.ஏ. என்ற சேவை நோக்குக் கட்டமைப்பு 1990களின் பிற்பகுதியில் பேசப்படத் தொடங்கி, 2000க்குப் பிறகு, சேவைகள் பேசிக்கொள்ளும் விதத்தை வரையறுத்த சோப், டபிள்யூ.எஸ்.டி.எல். முதலிய தரங்களோடு பரவியது. அது தீர்க்க வந்த பிரச்சினை பெரிய நிறுவனங்களுடையது. ஒரு வங்கியில் கணக்கு முறைமை ஒன்று, கடன் முறைமை வேறொன்று, ஊழியர் சம்பளம் இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு கொம்பனியிடம், வேறு வேறு காலத்தில் வாங்கியவை. யாரும் அவற்றைத் திருப்பி எழுதப் போவதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஒப்பந்த முகம் பூசி, நடுவில் ஒரு பஸ் வைத்து, இங்கே இருந்து வருவதை அங்கே விளங்கும் வடிவத்துக்கு மாற்றி அனுப்பினார்கள். அந்தப் பஸ் மென்பொருளை உலகத்துக்கு விற்ற கொம்பனிகளில் ஒன்றான டபிள்யூ.எஸ்.ஓ.2 இலங்கையில்தான் 2005இல் தொடங்கியது; அதை நிறுவியவர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவரண, டபிள்யூ.எஸ்.டி.எல். விவரக்குறிப்பை எழுதியவர்களிலும் ஒருவர். கொழும்பில் வேலை செய்த உங்கள் அண்ணாவுக்கு அந்த உலகம் பழக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

பஸ் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மாங்குளம் சந்தியைத்தான் நினைக்க வேண்டும். முல்லைத்தீவுக்குப் போவது, வவுனியாவுக்குப் போவது, யாழ்ப்பாணத்துக்குப் போவது எல்லாம் அந்த ஒரு சந்தியில் இறங்கி மாறித்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? முதல் வருடம் ஒழுங்காக இருக்கும். பிறகு சந்தியிலேயே கடை போடத் தொடங்குவார்கள்: "இந்தச் செய்தி வந்தால் கடன் வரம்பைப் பார், அது தாண்டினால் அங்கே அனுப்பு" என்று வணிக விதிகள் பஸ்ஸுக்குள் ஏறும். பஸ்ஸைப் பராமரிப்பது ஒரு தனிக் குழு. எந்தச் சிறு மாற்றத்துக்கும் அந்தக் குழுவின் வரிசையில் நிற்க வேண்டும். இதோடு "வாடிக்கையாளர் என்றால் யார்" என்பதற்கு முழு நிறுவனத்துக்கும் ஒரே வரைவிலக்கணம் வைக்கப் போய், எல்லாப் பகுதியின் புலங்களையும் ஏற்றி, யாருக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு பெரும் படிவம் உருவாகும்.

இந்தச் சலிப்பிலிருந்துதான் மைக்ரோசேர்விஸ் வந்தது. ஜேம்ஸ் லூயிசும் மார்ட்டின் ஃபவுலரும் 2014 மார்ச்சில் அதற்கு எழுதிய விளக்கத்தில் ஒரு வரி முக்கியமானது: அறிவு முனைகளில் இருக்கட்டும், குழாய் மந்தமாக இருக்கட்டும். அதாவது நடுவில் எதுவும் யோசிக்கக்கூடாது. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு சேவையும் தன் தரவைத் தானே வைத்திருக்கும். வேறு யாரும் அந்த அட்டவணையை நேரே தொட முடியாது. ஒவ்வொன்றையும் மற்றவற்றைக் கேட்காமல் தனியே வெளியிடலாம். எஸ்.ஓ.ஏ. ஒரு சேவையைப் பலரும் மீளப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பும். மைக்ரோசேர்விஸ் கொஞ்சம் இரட்டிப்பைப் பொறுத்துக்கொண்டு சுதந்திரத்தை வாங்கும்.

எனவே "மைக்ரோ" என்ற சொல்லைப் பார்த்துச் சேவையின் பருமனை அளக்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தத் தரவு யாருடையது? திங்கட்கிழமை இதை மட்டும் மாற்றி வெளியிட நான் யாருடைய அனுமதியைக் கேட்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு விடை "மற்றப் பத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும்" என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பழைய ஒற்றைச் செயலிதான்.

இதை உங்கள் அலுவலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறீர்கள். யாருடைய அனுமதிக்காகவும் யாரும் காத்து நிற்கவில்லை. முறைமையின் வடிவம் அதைக் கட்டும் ஆட்களின் தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கொன்வே 1968இலேயே எழுதினார். பதினொரு குழு இருக்கிற இடத்தில் பதினொரு சேவை இயல்பாக வரும். நாலு பேருக்குப் பதினொன்று என்றால் ஒவ்வொருவரும் மூன்று வீட்டுக்குக் காவல்.

விலையும் உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங் பூட் செயலியும் சும்மா இருக்கவே 300 முதல் 500 மெகாபைட் நினைவகம் கேட்கும். பதினொன்றுக்கு நான்கைந்து கிகாபைட் அதிலேயே போய்விடும். கூபர்நெட்டீஸின் கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு இயந்திரம் விழுந்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் அதற்கே மூன்று இயந்திரம் வேண்டும், ஏனென்றால் அதன் நிலைத் தகவலை வைத்திருக்கும் எட்சிடி களஞ்சியம் பெரும்பான்மை வாக்கில் இயங்குகிறது. நம்பகத்தன்மையும் பெருக்கத்தில் குறையும். ஒரு சேவை 99.5 வீதம் வேலை செய்கிறது என்றால் 30 நாளில் 3.6 மணிநேரம் விழுந்திருக்கும். ஒரு வேலைக்கு அப்படிப்பட்ட ஆறு சேவைகள் அடுத்தடுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்றால் 97 வீதமாகும்: மாதத்துக்கு 21 மணிநேரம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விலை உங்கள் கொடுப்பனவில் இருக்கிறது. பால் பெறுமதியைக் கூட்டி, தீவனக் கடனைக் கழித்து, மீதியைக் கொடுப்பனவாக எழுதுவது இன்று ஒரே பரிவர்த்தனை. நடுவில் கரண்ட் போனால் எல்லாம் பின்வாங்கிவிடும். மூன்று சேவையாகப் பிரித்த பிறகு, கடன் கழிந்து கொடுப்பனவு எழுதப்படாமல் நின்ற ஒரு பண்ணையாளர் என்றோ ஒருநாள் வருவார். அதற்கு மருந்து 'சாகா' என்ற முறை. ஹெக்டர் கார்சியா மொலினாவும் கெனத் சேலமும் 1987இல் முன்வைத்தது. ஒவ்வொரு படிக்கும் அதைத் திருப்பும் எதிர்ப்படி ஒன்று எழுத வேண்டும்: கடனைக் கழித்தால் கழித்ததை மீளச் சேர்ப்பது, அந்த மீளச் சேர்ப்பும் தோற்றால் திரும்ப முயல்வது, இரண்டு தடவை வந்தால் ஒரு தடவை மட்டும் ஏற்பது. செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் இப்போது இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஆறு மாதம் உழைத்து அதன் அரைவாசியைத் திரும்பப் பெறுவீர்கள்.

ஆகவே என் கருத்து: ஒரே செயலியாக வைத்திருங்கள், ஆனால் உள்ளே வேலி போடுங்கள். இதை மொடியூலர் மொனொலித் என்கிறார்கள். "தீவனக் கடனில் கை வைத்தால் கொடுப்பனவு உடைகிறது" என்ற உங்கள் இரண்டாவது நோய்க்கு மருந்தும் இதுதான். அந்த நோய் வேலி இல்லாததால் வந்தது. வேலி இல்லாத காணியைப் பதினொரு பேருக்கு உறுதி எழுதிப் பிரித்தாலும் மாடு பழைய வழியால்தான் போகும்.

போஸ்ட்கிரெஸில் பண்ணையாளர், சேகரிப்பு, விலை, தீவனக் கடன், கொடுப்பனவு, அறிவித்தல் என்று ஆறு ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் தனிப் பகுதி) உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளப் பயனர். தன் ஸ்கீமாவில் மட்டும் எழுத அனுமதி. ஆனால் ஒரே பரிவர்த்தனைக்குள் கடனும் கொடுப்பனவும் மாற வேண்டிய அந்த ஒரு வேலைக்கு இரண்டுக்கும் அனுமதி உள்ள தனிப் பயனர் ஒன்று வேண்டும். அதைத் திறந்த மனதோடு விதிவிலக்கு என்று எழுதி வையுங்கள். ஜாவாப் பக்கத்தில் ஆறு பக்கேஜ் (நிரல் தொகுப்பு). வெளியே தெரிவது ஒவ்வொன்றிலும் ஒரு இடைமுகம் மட்டும்: கொடுப்பனவு, கடன் பகுதியிடம் "இந்தப் பண்ணையாளரிடம் இந்தக் காலத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்" என்று கேட்கலாம், கடன் அட்டவணையை எட்டிப் பார்க்கக்கூடாது. இந்த விதியை மனிதர் காப்பாற்றமாட்டார்கள், இரவு பத்து மணிக்கு அவசரம் என்றால் நீங்களே மீறுவீர்கள். ஆகவே ஸ்பிரிங் மொடியூலித் அல்லது ஆர்ச்யூனிட் என்ற சோதனைக் கருவியை வைத்து, வேலி தாண்டிய நிரல் பில்ட்டிலேயே (நிரலைத் தொகுக்கும் படியிலேயே) தோற்கும்படி ஒரு சோதனை எழுதுங்கள். முதல் நாள் நூறு மீறல் காட்டினால் பயப்படாமல் அவற்றைப் பட்டியலாக உறைய வைத்து, புதிதாக ஒன்று சேரவிடாமல் பாருங்கள். பழையதை வாரத்துக்கு ஐந்தாகக் குறைக்கலாம்.

"பண்ணையாளர்" என்பதற்கு ஒரே பெரிய வகுப்பு வைக்காதீர்கள், எஸ்.ஓ.ஏ. காலத்துப் பெரும் படிவம் இங்கேயும் எட்டிப் பார்க்கும். சேகரிப்புக்கு அவர் எண், பெயர், நிலையம். கொடுப்பனவுக்கு வங்கிக் கணக்கு. கடனுக்கு வரம்பும் நிலுவையும். மூன்று சிறு வகுப்பு, எண் மட்டும் பொது.

இனி, உங்களிடம் உண்மையிலேயே வலையமைப்பு எல்லை இருக்கிற இடங்கள். நிலையங்கள்தான் முதலாவது. கரண்டும் சிக்னலும் போவது அங்கே வழமை என்றால், அங்கே பால் பதியும் ரப்லெட் (கைக்கணினி) ஏற்கெனவே ஒரு தனிச் சேவைதான். நீங்கள்தான் அதை அப்படி நடத்தவில்லை. பதிவை முதலில் ரப்லெட்டிலேயே சேமிக்கட்டும், தொடர்பு வந்ததும் அனுப்பட்டும். சில கண்ணிகள் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் யூ.யூ.ஐ.டி. எனும் தனி அடையாளத்தைச் சேமிக்கும் கணத்தில் உருவாக்க வேண்டும். அனுப்பும் கணத்தில் உருவாக்கினால், சேர்வர் ஏற்றுக்கொண்டு பதில் வருமுன் சிக்னல் விழுந்த ஒவ்வொரு தடவையும் அதே பால் புதிய அடையாளத்தோடு திரும்ப வரும். 6 லீற்றர் 12 ஆகும். சேர்வரில் அந்த அடையாளத்துக்குத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டு, இரண்டாம் முறை வந்ததைப் பிழை என்று திருப்பாமல் "கிடைத்துவிட்டது" என்றே பதில் சொல்லுங்கள். விலையைப் பால் எடுத்த திகதியை வைத்துச் சேர்வர் கணக்கிடட்டும். வந்து சேர்ந்த திகதியை வைத்தால் விலை மாறிய வாரத்தில் சண்டை வரும். ரப்லெட் கடிகாரம் பிழைக்கும். அனுப்பும்போது "என் கடிகாரம் இப்போது காட்டுவது இது" என்பதையும் சேர்த்து அனுப்பினால் சேர்வர் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். பிழையாகப் பதிந்ததை அழித்துத் திருத்த விடாதீர்கள். பழைய அடையாளத்தைச் சுட்டும் திருத்தப் பதிவு ஒன்று வரட்டும். கொடுப்பனவுக் காலம் மூடிய பிறகு வந்து சேரும் பால் அடுத்த காலத்தில் நிலுவையாகச் சேரும் என்பதைச் சங்கத்தோடு பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். இதை மென்பொருள் தீர்மானிக்கக்கூடாது.

இரண்டாவது எல்லை குறுஞ்செய்தி. பால் அளவைப் பண்ணையாளருக்குத் தமிழில் அனுப்பினால், ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிதான். தாண்டினால் துண்டுக்கு 67. ஆங்கில எழுத்தில் 160. புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் "சேகரிப்பு" என்ற ஒரு சொல்லே ஒன்பது குறி. "பால் 6.5 லீ, கொழுப்பு 4.1, ரூ." என்ற அளவில் நிறுத்தினால் ஒரு செய்திக்குள் அடங்கும், நாளுக்கு 1,680 செய்திக்கு அதில் மிச்சமாவது பெரிய காசு. குறுஞ்செய்திக் கொம்பனியின் ஏ.பி.ஐ. (நிரல்கள் பேசும் இணைப்பு முகம்) தாமதித்தால் பால் பதிவு தாமதிக்கக்கூடாது. அனுப்ப வேண்டியதை அதே பரிவர்த்தனையில் ஒரு 'அவுட்பொக்ஸ்' அட்டவணையில் எழுதிவிட்டு, தனியே ஓடும் ஒரு வேலையாள் நிரல் அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். காஃப்கா போன்ற தனிச் செய்தி வரிசை மென்பொருள் தேவையில்லை. வேறொரு வேலையாள் பூட்டிய வரிசையைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கிறது. அதுவே உங்களுக்குப் போதுமான வரிசை.

மூன்றாவது, வங்கிக்குப் போகும் கொடுப்பனவுக் கோப்பும் சங்கம் வாங்கி வைத்திருக்கக்கூடிய கணக்கியல் மென்பொருளும். இங்கே உங்கள் அண்ணா சொல்வது சரி. இவை உங்களுடையவை அல்ல, மாற்றவும் முடியாது, எஸ்.ஓ.ஏ. சிந்தனை பிறந்ததே இதற்குத்தான். ஒப்பந்தத்தை எழுதி, பதிப்பு எண் கொடுத்து, அவர்களின் வடிவத்தை உங்கள் வடிவத்துக்கு மாற்றும் பகுதியை ஒரே பக்கேஜுக்குள் அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வெளித் தொடர்புக்குப் பஸ் வேண்டியதில்லை. இருபது ஆகும்போது பேசலாம்.

ஆக இயங்கும்போது மூன்று செயன்முறை: இணைய முகப்பு, வேலையாள், ரப்லெட்டுகளிடமிருந்து வாங்கும் பகுதி. மூன்றும் ஒரே களஞ்சியத்திலிருந்து பில்ட் ஆனவை, ஒரே இயந்திரத்தில் பல செயன்முறைகளைச் சேர்த்து ஓட்டும் டொக்கர் கொம்போஸில் ஓடுபவை. வாங்கும் பகுதியைப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு: கொடுப்பனவுப் பகுதியைப் புதுப்பிக்கும்போதும் காலைப் பால் நேரத்தில் அது விழக்கூடாது. ஒன்றைப் பிரிக்க இப்படி ஒரு காரணம் வேண்டும். வேறு இயக்க நேரம், வேறு சுமை, வேறு பாதுகாப்புத் தேவை, அல்லது இரண்டாவது குழு.

சேர்வர்லெஸ் (சேர்வரை நீங்கள் நடத்தாமல், அழைக்கும்போது மட்டும் மேகத்தில் ஓடும் நிரல்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, முதலாளி அடுத்ததாகக் கேட்பார். எப்போதாவது திடீரென்று எழும் சிறு வேலைக்கு நல்லது. ஓயாமல் ஒன்றோடொன்று தரவு கைமாற்றும் வேலைக்குச் செலவு ஏறும்: அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு தன் காணொளித் தரக் கண்காணிப்பைச் சேர்வர்லெஸ் துண்டுகளிலிருந்து ஒரே செயலியாகச் சேர்த்து, செலவை 90 வீதத்துக்கு மேல் குறைத்ததாக 2023இல் அவர்களே எழுதினார்கள். அதை வைத்து மைக்ரோசேர்விஸ் செத்துவிட்டது என்று சிலர் கொண்டாடினார்கள். அது மிகை, ஒரு கருவியின் கதை அது.

முன்மொழிவில் எழுதியாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். "11 மைக்ரோசேர்விஸ், கூபர்நெட்டீஸ்" என்ற வரிக்குப் பதில், "ஆறு தனி எல்லைகள் கொண்ட முறைமை, நிலையப் பதிவு தொடர்பின்றியும் இயங்கும், ஒவ்வொரு பகுதியும் தேவை எழும்போது தனிச் சேவையாகப் பிரிக்கத்தக்கது" என்று எழுதுங்கள். நிதி கொடுப்பவர் வாசிப்பது "தொடர்பின்றியும் இயங்கும்" என்ற இடத்தைத்தான்.

வேலையை இந்த ஒழுங்கில் எடுங்கள்: கொடுப்பனவு வினவல், ரப்லெட் சேமிப்பு, அவுட்பொக்ஸ், பிறகு வேலி. கொடுப்பனவு நாளுக்கு முந்திய மூன்று நாளில் எதையும் வெளியிடாதீர்கள். சுட்டெண் போட்ட பிறகும் கொடுப்பனவு தாமதித்தால், அந்த வினவலைத் தரவுத்தளம் எப்படி ஓட்டியது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' வெளியீட்டைப் பண்ணையாளர் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள், அடுத்த முறை அதை வரி வரியாகப் பார்ப்போம்.